பழைய பின்னியந்திரக் கார்களுக்குப் புதிய இயந்திரம்

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சென்ற கோடை விடுமுறையில் "ஆகும் மாமா" என்று நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, என் தாய்மாமன் ஒருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். வாங்கிய அன்றே அதைப் பட்டறையின் வாடகைப் பாக்கிக்குக் கொடுத்தும் விட்டார். அது எத்துணை அவசரமான சொல் என்று கண்டுகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றதையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். இயற்பியல் பயிலாத நண்பர்களும் அஞ்ச வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தலுக்கு மேல் இதில் கணக்கு இல்லை.

மாமாவின் பட்டறைக்கு 1965ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதன் சொந்தக்காரர் தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் மருத்துவர். தாயகம் திரும்பிய வெளிநாட்டவர் ஒருவரிடம் அந்த நாளில் வாங்கிய வண்டியாம். இயந்திரம் சூட்டில் இறுகி நின்றுவிட்டது. "பழைய என்ஜினை இனிமே நோண்ட வேண்டாம் தம்பி. நாலு வழிச் சாலையில லாரியெல்லாம் என்னைத் தாண்டிப் போகுது. புது என்ஜினா ஒண்ணு போட்டுக் கொடுத்துடுங்க" என்று மாமாவிடம் சொன்னார். அமெரிக்காவில் பீட்டில் கார்களுக்குச் சுபாரு இயந்திரம் பொருத்துகிறார்கள் என்பது அவர் படித்த செய்தி. இறக்குமதியான பழைய சுபாரு இயந்திரம் ஒன்று கிடைக்கும் என்று ஒரு தரகரும் ஆசை காட்டியிருந்தார்.

மாமா என் பக்கம் திரும்பி, "என்ன மாப்ளே, பிசிக்ஸ் படிக்கிறியே, இது ஆகுமா?" என்றார். பீட்டிலின் 1200 இயந்திரம் 34 குதிரைத்திறன், சுபாருவின் 2.2 லிட்டர் இயந்திரம் சுமார் 130 குதிரைத்திறன். இரண்டுக்கும் நான்கு சிலிண்டர்கள். இரண்டிலும் அவை பக்கத்துக்கு இரண்டாகப் படுத்தே இருக்கும். வேறென்ன வேண்டும்? "ஆகும்" என்றேன்.

இயந்திரத்தைப் பின்னால் வைக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இயந்திரமும் பின்சக்கரத்தில் உந்துவிசையும் உள்ள காரில், வண்டியின் அடியில் ஒரு நீண்ட தண்டு ஓட வேண்டும். இயந்திரம், கியர்ப் பெட்டி, டிபரன்ஷியல் மூன்றையும் பின்னச்சிலேயே ஒன்றாகச் சேர்த்துவிட்டால் தண்டும் அதன் எடையும் விலையும் மிச்சம். தரை மட்டமாக இருக்கும். உந்தும் சக்கரத்தின் மேலேயே எடை உட்காருவதால் சேற்றிலும் பனியிலும் சக்கரம் வழுக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏழை ஐரோப்பாவுக்கு மலிவான கார் தேவைப்பட்டது. ஜெர்மனியின் பீட்டில், பிரான்சின் ரெனோ 4சிவி, இத்தாலியின் ஃபியட் 600, ஃபியட் 500, ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் 1963 முதல் செய்த ஹில்மன் இம்ப் எல்லாம் இந்த வழியில் வந்தவையே. நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமானால், 2009இல் வந்து 2018இல் நின்றுபோன டாட்டா நானோ. அதற்கும் இயந்திரம் பின்னால்தான். நாம் தினமும் ஏறும் ஆட்டோரிக்‌ஷாவுக்கும் அப்படியே.

பீட்டில் மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, 2003ஆம் ஆண்டு ஜூலையில் மெக்சிகோவின் பூவெப்லா தொழிற்சாலையில் நின்றது. இத்தனை வண்டிகள் இருப்பதாலும், அதன் இயந்திரத்தைக் கழற்றுவது எளிது என்பதாலும், இயந்திர மாற்றம் செய்வோருக்கு இதுவே முதல் பள்ளிக்கூடம். கியர்ப் பெட்டியோடு இயந்திரத்தைப் பிடித்திருப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். மாமா அவற்றைக் கழற்றி, கம்பிகளையும் பெட்ரோல் குழாயையும் விடுவித்து, இயந்திரத்தை ஜாக்கியில் இறக்கிப் பின்பக்கமாக இழுத்துவிட்டார். இடையில் ஒரு தேநீர் வேறு குடித்தார். அந்த எளிமைதான் என்னை ஏமாற்றியது. நான்கு போல்ட்டில் இறங்குவது நான்கு போல்ட்டில் ஏறிவிடும் என்று நம்பினேன்.

சுபாரு இயந்திரத்தின் துளைகள் பீட்டில் கியர்ப் பெட்டியின் துளைகளோடு பொருந்தா. நடுவே ஓர் இணைப்புத் தகடு வேண்டும். துளை போட்ட அலுமினியத் தகடுதானே, லேத் பட்டறையில் கடைந்துவிடலாம் என்று தோன்றும். கியர்ப் பெட்டியிலிருந்து நீளும் தண்டின் நுனி, இயந்திரத்தின் ஃப்ளைவீல் நடுவிலுள்ள சிறு ஊசித் தாங்கியில் உட்கார்ந்து சுழல்கிறது. பீட்டிலில் அந்தத் தாங்கி, ஃப்ளைவீலைப் பிடிக்கும் ஒற்றைப் பெரிய நட்டுக்குள்ளேயே இருக்கிறது. தகடு மயிரிழை விலகினாலும் தண்டு ஒரு மையத்திலும் இயந்திரம் மற்றொரு மையத்திலும் சுழலும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தண்டு வளைந்து நிமிர வேண்டியிருக்கும்; தாங்கியும் கிளட்ச்சும் நெடுநாள் தாங்கா. வெளிநாட்டில் இத்தகடுகளைக் கடைகளில் ஆயத்தமாகவே விற்கிறார்கள். அங்கே இந்த வேலை எளிதாகத் தோன்றுவதற்கு இதுவே முதல் காரணம்.

இனி கியர்ப் பெட்டி. நான் தவறிய இடம் இதுவே என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

1200 பீட்டிலின் கியர் விகிதங்கள் முறையே 3.80, 2.06, 1.32, 0.89. இறுதி இயக்க விகிதம் 4.375. நான்காம் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இயந்திரம் 0.89ஐ 4.375ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 3.9 சுற்று சுற்றுகிறது. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். அந்த இயந்திரம் தன் முழுத் திறனையும் தருவது நிமிடத்துக்கு 3600 சுழற்சியில். 3600ஐ 3.9ஆல் வகுத்து, 2ஆல் பெருக்கி, மணிக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர் வருகிறது. அந்தக் காரின் உச்ச வேகம் என்று தயாரிப்பாளர் சொன்னது 115. இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வடிவமைத்தவர்கள் இயந்திரத்தை ஓர் இடத்தில் நிறுத்தி, கியரை அந்த இடத்துக்கே தைத்திருக்கிறார்கள். பிஸ்டன் ஓடும் தூரம் 64 மில்லிமீட்டர்தான். 3600 சுழற்சியில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 7.7 மீட்டருக்குள். நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் மிதித்தபடியே ஓட்டினாலும் தாங்கட்டும் என்று கருதிய கணக்கு அது.

இப்போது அதே பெட்டியில் சுபாருவை வைப்போம். அது முழுத் திறன் தருவது 5600 சுழற்சிக்கு அருகில். அதே வகுத்தலைச் செய்தால் மணிக்கு 172 கிலோமீட்டர். 1965இன் பீட்டிலுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பது பள்ளிப் பாடம். 111இலிருந்து 172க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான்; பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ 2.4 மடங்கு. அந்த டிரம்மும் அந்த லைனிங்கும் இதற்காகப் பிறந்தவை அல்ல.

முறுக்குவிசையையும் பார்ப்போம். பழைய இயந்திரம் தரும் அதிகபட்ச முறுக்கு சுமார் 82 நியூட்டன்-மீட்டர். முதல் கியரில் அது 3.80 மடங்காகி, பின்னர் 4.375 மடங்காகி, அச்சுக்கு வரும்போது சுமார் 1360 ஆகிறது. சுபாருவின் 185 நியூட்டன்-மீட்டர் அதே வழியில் 3070க்கு மேல் போகிறது. அதே பல்சக்கரங்கள், அதே தாங்கிகள், இரண்டு மடங்குக்கு மேல் சுமை!

மறுநாள் இன்னொரு கணக்கையும் போட்டேன். இருவர் ஏறிய பீட்டில் சுமார் 900 கிலோ எனக் கொள்வோம். அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின்னச்சில். அதாவது 540 கிலோ. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8, சக்கர ஆரம் 0.32 மீட்டர் எனப் பிடித்தால், டயர் வழுக்காமல் தாங்கும் முறுக்கு சுமார் 1350 நியூட்டன்-மீட்டர். பழைய இயந்திரம் முதல் கியரில் தருவதும் அதே அளவு! புறப்படும்போது எடை பின்னால் சாய்வதால் இந்த எல்லை சற்று உயரும். ஆயினும் அதற்கு மேல் என்ன கொடுத்தாலும் அது வண்டியை உந்தாது; டயரைத்தான் தேய்க்கும். வழுக்கிய டயர் சட்டென்று பிடிக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் திரும்பப் பல்சக்கரத்தில் விழும். பெட்டிகள் உடைவது பெரும்பாலும் இந்த நொடியிலேதான்.

இதனால்தான் அனுபவமுள்ளோர் இயந்திரத்தோடு கியர்ப் பெட்டியையும் மாற்ற முனைகிறார்கள். அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. சுபாரு காரில் இயந்திரம் முன்னச்சுக்கு முன்னால் இருக்கிறது. பின்னியந்திரக் காரில் பின்னச்சுக்குப் பின்னால். இயந்திரத்தை மட்டும் திருப்பி வைத்து பீட்டில் பெட்டியோடு சேர்த்தால் சுழலும் திசை சரியாகவே வரும். ஆனால் இயந்திரத்தையும் சுபாருவின் ஐந்து கியர்ப் பெட்டியையும் சேர்த்தே திருப்பி வைத்தால், வண்டிக்குப் பின்னால் போக ஐந்து கியரும் முன்னால் போக ஒன்றும் கிடைக்கும். இதைச் சரிசெய்ய, எதிர்த்திசையில் பல் வெட்டிய கிரௌன், பினியன் சக்கரங்களைத் தனியே செய்து விற்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பகிரும் நடு டிபரன்ஷியலை அடைத்துவிடவும் வேண்டும்.

சுழற்சித் திசை பற்றிய தொல்லை புதிதன்று. அமெரிக்காவின் செவ்ரோலே கார்வேர் 1960 முதல் 1969 வரை வந்த பின்னியந்திரக் கார். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய இயந்திரம். ஆனால் மற்ற இயந்திரங்களுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதைப் பீட்டிலில் வைக்க விரும்பியவர்கள் கியர்ப் பெட்டியைப் பிரித்து, கிரௌன் சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் போட்டார்கள். ஃபோக்ஸ்வாகனின் பழைய வேன்களில் தொழிற்சாலையிலேயே அது மறுபக்கம்தான் இருக்கும். ஏனென்றால் அவற்றின் பின்சக்கர நுனியில் ஒரு சோடிப் பல்சக்கரம் கூடுதலாக உண்டு. சோடி ஒன்று கூடினால் திசை ஒருமுறை மாறும் என்பது நாம் அறிந்ததே. அந்த வேனின் பெட்டியை அப்படியே எடுத்துக் காரில் மாட்டினால் நான்கு ரிவர்ஸ் கியர் கிடைக்கும். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு, அந்த மூன்று வாரத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

எல்லா மாற்றமும் இப்படி முரண்டு பிடிப்பதில்லை. 1957இல் வந்த ஃபியட் 500க்கு 479 கன செ.மீ. அளவுள்ள இரண்டு சிலிண்டர் இயந்திரம். அதன் கியர்ப் பெட்டியில் சின்க்ரோ அமைப்பு கிடையாது. கியர் மாற்றும்போது வேகத்தைக் காலால் அறிந்து இரட்டைக் கிளட்ச் மிதிக்க வேண்டும். அதன் பின் பிறந்த ஃபியட் 126க்குப் பெரிய இயந்திரமும் சின்க்ரோ உள்ள பெட்டியும் உண்டு. அவ்விரண்டையும் பழைய 500இல் பொருத்துவது இத்தாலியில் மிகச் சாதாரண வேலை. ஒரே குடும்பத்துச் சம்பந்தம் ஆகையால் இடமும் திசையும் குளிர்முறையும் மாறுவதில்லை. தொழிற்சாலையே 1972இல் 500இன் கடைசி வடிவத்துக்கு 126இன் 594 கன செ.மீ. இயந்திரத்தைக் கொடுத்தது; பெட்டியை மட்டும் ஏனோ பழையதாகவே விட்டுவிட்டது!

அடுத்து எடை. காவடி தூக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோலின் நடுவில் கட்டிய குடத்தோடு திரும்புவது எளிது. நுனியில் கட்டிய குடத்தோடு திரும்பினால், நாம் நின்ற பிறகும் குடம் சுழலப் பார்க்கும். நிறை மையத்திலிருந்து விலகும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது. பின்னியந்திரக் காரில் அந்தக் குடம் பின்னச்சுக்கும் அப்பால் தொங்குகிறது. வளைவில் வால் வெளியே போகத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். அந்நேரம் ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். எடை முன்னால் சாயும். பின் டயரின் பிடி இன்னும் குறையும். வால் முழுதாகச் சுற்றும். 1965 பீட்டிலிலும் முதல் கார்வேரிலும் இதற்கு மேல் இன்னொரு வில்லங்கம் உண்டு. பின்னச்சின் இரு பாதிகளும் கியர்ப் பெட்டி அருகில் மட்டுமே மடங்கும். வளைவில் உடல் மேலெழும்பினால் சக்கரத்தின் அடி உள்ளே மடிந்து, டயர் தன் ஓரத்தில் நிற்கும்.

கார்வேரின் இந்தக் குணத்தைப் பற்றித்தான் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயம். அந்தக் காருக்குத் தயாரிப்பாளர் சொன்ன பரிகாரம் டயர் காற்று: முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26. பெட்ரோல் நிலையத்தில் நான்குக்கும் சமமாகக் காற்றடித்தால் பரிகாரம் போயிற்று! 1965 மாதிரியில் பின்னச்சு அமைப்பையே மாற்றிவிட்டார்கள். 1972இல் வெளியான அமெரிக்க அரசு அறிக்கை, பழைய கார்வேர் அக்காலத்து மற்ற கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது. இரு தரப்பையும் படித்த பின் எனக்குத் தோன்றுவது, அது மன்னிக்காத கார் என்பதே. ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒன்றும் செய்யாது, தெரியாதவனுக்கு இரண்டாம் வாய்ப்புத் தராது.

போர்ஷே நிறுவனமும் இதனோடு மல்லுக்கட்டியதுதான். தொடக்க கால 911 கார்கள் சிலவற்றின் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்து அனுப்பினார்கள். பிறகு 1969 மாதிரியில் பின்சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். முன்மூக்கில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேட்டரி வைத்தார்கள். நானோவின் பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருந்ததும் இதே நோய்க்கான மருந்தே.

இனி நம் கணக்கு. பீட்டிலின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2.4 மீட்டர். புதிய இயந்திரம் 40 கிலோ கூடுதல் என்றும், அதன் ஈர்ப்பு மையம் பின்னச்சுக்கு அரை மீட்டர் பின்னால் என்றும் கொள்வோம். பின்னச்சின் சுமை 40 கிலோ கூடாது. 48 கிலோ கூடும். மீதி 8 கிலோ எங்கிருந்து வந்தது? முன்னச்சிலிருந்து. வண்டியில் எடையை ஏற்றியிருக்கிறோம், முன்சக்கரமோ இலேசாகிறது. பெட்ரோல் தொட்டியும் முன்னால் இருப்பதால், 40 லிட்டர் தீரத் தீர இன்னும் 30 கிலோ முன்பாரம் போகும். இதைச் சுண்ணக்கட்டியால் பட்டறைத் தரையில் எழுதிப் பார்த்தபோதுதான், நான் சொன்ன "ஆகும்" என் தொண்டையில் மாட்டியது. அந்த வண்டியில் அந்தப் பெரியவர் தம் மகள் வீட்டுக்குப் போகப் போகிறார். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய இயந்திரத்துக்குக் காற்றாடியும் இரண்டரை லிட்டர் எண்ணெயுமே குளிர்ச்சி. புதியதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு ரேடியேட்டர் வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். காற்று கிடைப்பதோ வண்டியின் மூக்கில். ஆகவே குழாய்கள் வண்டியின் முழு நீளத்துக்கும் போய் வர வேண்டும். அக்குழாயில் எங்கேனும் மேடு இருந்தால் அங்கே காற்றுக்குமிழி தங்கி ஓட்டத்தை அடைக்கும். எனினும் முன்னால் வைக்கும் ரேடியேட்டரும் அதன் தண்ணீரும் இழந்த முன்பாரத்தைக் கொஞ்சம் திருப்பித் தருகின்றன. தொல்லை தரும் ஒன்றே இங்கே துணையாகவும் ஆகிறது.

இதைத் தொழிற்சாலைகளே செய்து காட்டியிருக்கின்றன. பிரேசிலில் செய்த ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேன், மாசுக் கட்டுப்பாட்டின் பொருட்டு 2005ஆம் ஆண்டு இறுதியில் காற்றுக்குளிர் இயந்திரத்தைக் கைவிட்டு, தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் இயந்திரத்தை ஏற்றது. அதன் முகத்தில் ஒரு கறுப்பு ரேடியேட்டர் முளைத்தது. பார்க்க அழகில்லை, ஆனால் 2013ஆம் ஆண்டு இறுதி வரை ஓடியது. காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயமானபோதுதான் அது நின்றது. தென்னாப்பிரிக்காவில் அதற்கு அடுத்த தலைமுறை வேனுக்கு ஐந்து சிலிண்டர் இயந்திரம் பொருத்தி 2002 வரை செய்தார்கள். ஆக, பின்னியந்திர வண்டிக்குப் புதிய இயந்திரம் ஆகாது என்பதில்லை. பிரேக்கும் அச்சும் கியரும் சூடும் சேர்த்துக் கணக்கிட ஒரு தொழிற்சாலை இருந்தது. மாமாவிடம் இருந்தது நான்.

மின்சார மோட்டார் பொருத்தும் வழியும் இப்போது உண்டு. 2019இல் ஃபோக்ஸ்வாகனே தன் சிறிய மின்காரின் பாகங்களைக் கொண்டு பீட்டில் ஒன்றை மாற்றிக் காட்டியது. பேட்டரிகளை முன்னும் பின்னுமாகப் பிரித்து வைக்க முடியும் என்பது இதில் ஒரு நன்மை. செலவு எங்கள் பேச்சுக்கு அப்பாற்பட்டதாகையால் அதை நாங்கள் தொடவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் ஊர்தியாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதிகளும் இயந்திரத்தை மாற்றிய வண்டியை ஏற்பதில்லை. பிரிட்டனில் பல ஆண்டுகள் வேறொரு கணக்கு இருந்தது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க ஒரு வண்டி 8 மதிப்பெண் பெற வேண்டும். உடற்கூட்டுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர்ப் பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இயந்திரத்துக்கு 1 மட்டுமே. நானோ என் கணக்கில் அந்த ஒன்றைத் தவிர மற்றெதற்கும் மதிப்பெண் போடவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையைக் கழிவுத்துணியில் நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். "காசை வாடகைக்குக் கட்டிட்டேனேடா" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே அந்தப் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசி வரச் சொன்னார்.

அவர் வந்தார். சுண்ணக்கட்டிக் கணக்கை நான் மறுபடி எழுதிக் காட்டினேன். கோபப்பட்டார், தரகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "ஆகும்னு சொன்னதும் இந்தப் பையன்தானே?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, நான்தான். அன்னைக்குக் குதிரைத்திறனை மட்டும் பார்த்தேன்" என்றேன். மாமா எனக்காக ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் பட்டது. முன்பணத்துக்கு ஈடாகப் பழைய இயந்திரத்தையே புதுப்பித்துத் தருகிறேன், மேற்கொண்டு உதிரிபாகத்தின் விலை மட்டும் கொடுங்கள் என்று மாமா சொன்னார். பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்பக்க மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்ப கிடைக்கும்?" என்றார்.

பீட்டிலுக்கு இன்றும் சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாகக் கிடைக்கின்றன. வந்து சேர ஒரு மாதமும், தாங்கிகளை அளவு பார்த்துக் கூட்ட இரண்டு வாரமும் பிடித்தன. மாமாவுக்கு அதில் கூலி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. மறுமாத வாடகைக்கு அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. இயந்திரத்தை ஏற்றிய நாளில் நான்கு போல்ட்டுகளில் மேலிருந்த ஒன்றை முடுக்க என்னை விட்டார்.

சோதனை ஓட்டத்துக்குப் பெரியவரே ஓட்டினார். மாமா பக்கத்தில், நான் பின்னிருக்கையில். இயந்திரத்தின் சத்தம் முதுகுக்குப் பின்னால் தையல் எந்திரம் போல் கேட்டது. புறவழிச்சாலையில் 80க்கு மேல் அவர் போகவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. பழம்பெரும் ஊர்தியாகப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போன்ற சிலவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். மகள் வீட்டுக்குப் போக முடியாது. பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்வதா, இதற்கு விண்ணப்பிப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வண்டி இப்போது அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது.